மலை உச்சியும் ஏரி உள்வாயும்

சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காக்கத் தெரிந்த செட்டிகுளத்தில், யாரும் விதைக்காத, யாரும் விலை வைக்காத ஒரு செடியைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரித் தண்ணீர் கரையிலிருந்து உள்வாங்கத் தொடங்கியதும், ஈரம் காயாத வண்டலில் ஒரு பூண்டு தலைகாட்டும். எழுந்து நிற்காது; தரையை ஒட்டியே நாலாபுறமும் கிளை பரப்பும். மஞ்சள் உருண்டைகளாகப் பூக்கும். மாசிபத்திரி என்பது அதற்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ஒன்று. தாவரவியலார் கிராஞ்சியா மதராஸ்பட்டானா என்பார்கள். இது சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே குடும்பத்தில், இதே கிடந்த வடிவத்தில், நியூசிலாந்தின் பனிபடும் மலைச்சரிவுகளில் ரவூலியா என்ற செடிகள் பாய் விரித்தாற்போல் பாறைமேல் பரவிக் கிடக்கின்றன. நம் நீலகிரி உச்சிப் புல்வெளிகளிலும் அனஃபாலிஸ் என்ற வெண்பூச் செடிகளில் சில அப்படித் தாழ்ந்து வளர்கின்றன. உலகத் தோட்டக்கலை நூல்கள் இவ்வடிவத்தை 'மலைச்செடி வடிவம்' என்றே பேசுகின்றன. குளிர்தான் செடியைத் தரையோடு அழுத்திற்று என்பது அவற்றின் விளக்கம். அந்த விளக்கம் பாதி சரி என்பதும், மீதிப் பாதியை நம் ஏரி உள்வாயில்தான் கற்க முடியும் என்பதும் என் வாதம். தரையோடு படர்வது முதன்மையாகக் குளிரைப் பற்றிய செய்தி ஆகாது. தனக்குமேல் நிழல் தருகிற அண்டைச் செடி இல்லாத இடத்தைப் பற்றிய செய்தி அது. இதை ஏற்றால், ஏரிகளிலும் மலைகளிலும் நாம் செய்துவரும் சில நல்ல காரியங்களை மறுபடி எண்ணிப்பார்க்க வேண்டிவரும்.

முதலில் செடியைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். மாசிபத்திரி ஓராண்டுச் செடி. ஒரே இடத்தில் வேர் இறங்க, அந்த மையத்திலிருந்து கிளைகள் சுற்றிலும் தரைமேல் ஓடும்; நுனிகள் மட்டும் சற்றே நிமிரும். தண்டிலும் இலையிலும் மென்மயிர் அடர்ந்திருக்கும். இலைகள் விளிம்பில் ஆழமாக வெட்டுப்பட்டவை. கிளை நுனியிலோ இலைக்கு எதிர்ப்புறத்திலோ குட்டைக் காம்பில் ஒரு சென்டிமீட்டர் அளவு மஞ்சள் உருண்டை அமரும். சூரியகாந்தியில் சுற்றிலும் காணும் 'இதழ்கள்' இதில் கிடையா. இதற்கு வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழிடம் உண்டு. ஆனாலும் லின்னேயசு 1753இல் இதை நூலில் ஏற்றியபோது மதராசப்பட்டினத்தின் பெயரையே சூட்டினார். அந்தப் பட்டினத்துக் கோட்டைக்கு அருகிலிருந்து மருத்துவர்களும் பாதிரிமார்களும் சேகரித்து அனுப்பிய தென்னிந்தியச் செடிகள் ஐரோப்பாவைச் சென்றடைந்த காலம் அது. மாசிபத்திரி என்ற பெயரை ஆர்ட்டிமீசியா வகை மணச்செடிகளுக்கும் வழங்குகிறார்கள் என்பதால் குழப்பம் வரலாம். நான் சொல்வது தண்ணீர் வற்றிய ஏரியிலும் அறுவடை முடிந்த நெல்வயலிலும் படர்கிற செடி. இந்தப் பகுதி இன்னும் திருச்சி மாவட்டமாக இருந்த காலத்தில், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மாத்யூ அடிகளார், தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்துப் பல தொகுதிகளாக வெளியிட்டார். அவரே பின்னர் 1999இல் பழனிமலையின் தாவரங்களுக்கும் தனி நூல் தந்தார். சமவெளியையும் மலையையும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். இந்த உரையும் அந்தப் பார்வையில்தான் நடக்கிறது.

இந்தக் குடும்பத்தின் உயிர்நாடி அதன் பூவில் இருக்கிறது. நாம் பூ என்று அழைப்பது ஒரு பூ அன்று. பல சிறுபூக்கள் ஒரே மேடையில் நெருங்கி அமர்ந்த கூட்டம். பள்ளிப் பாடநூல் இதைச் சிரமஞ்சரி என்கிறது. மாசிபத்திரியின் ஒரு மஞ்சள் உருண்டையில் வெளிவரிசைகளில் இழைபோல் மெலிந்த பெண்பூக்கள் உண்டு. உள்ளே குழல்வடிவ இருபாற்பூக்கள் உண்டு. கூட்டம் முழுவதும் ஒரே நாளில் மலர்வதில்லை. வெளியிலிருந்து உள்நோக்கி, வரிசை வரிசையாக மலரும். இதன் பயன் பெரிது. ஒரு நாள் மழையோ காற்றோ வண்டுகளை வரவிடாமல் செய்தாலும் மறுநாளுக்குப் பூக்கள் மிச்சமிருக்கும். சுற்றியுள்ள பசுஞ்செதில்கள் மொட்டையும் முதிரும் விதையையும் காக்கும். மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாக நிற்க, உள்ளிருந்து சூல்தண்டு நீண்டு மகரந்தத்தை வெளியே தள்ளும் ஏற்பாடு இக்குடும்பம் முழுவதற்கும் பொது. இவ்வளவையும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடக்கிவிட முடிகிறது என்பதே நமக்கு முக்கியம். பூவைத் தூக்கிப் பிடிக்க நீண்ட தண்டு எழுப்பவேண்டிய கட்டாயம் இல்லை. நிலத்தோடு கிடந்தபடியே பல பூக்களை வரிசையாக மலரச் செய்யும் செடிக்கு உயரம் என்பது விரும்பினால் செய்துகொள்ளும் செலவு மட்டுமே. பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இக்குடும்பத்தில் அடங்குவதற்கும், உலகெங்கும் தரைப்படர் செடிகளில் இக்குடும்பத்தார் அடிக்கடி தென்படுவதற்கும் இந்தச் சிக்கனமான பூவமைப்பு ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இனி மலைக்குப் போவோம். ரவூலியாவின் இலை சில மில்லிமீட்டர் நீளமே. ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டை ஒட்டி அடுக்கியிருக்கும். பல சிற்றினங்களில் வெள்ளி மயிர் போர்த்தியிருக்கும். படரும் தண்டு போகிற வழியெல்லாம் வேர் இறக்கும். அதனால் நடுப்பகுதி முதிர்ந்து மடிந்தாலும் விளிம்பு தனித்தனிச் செடியாகத் தொடர்ந்து வாழும். ரவூலியா எக்சிமியா என்ற இனம் பாறைமேல் இறுகித் திரண்டு, தொலைவில் செம்மறியாட்டு மந்தை படுத்திருப்பதாகத் தோன்றும். அந்நாட்டார் அதற்குச் 'செடி ஆடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மலைச்செடிகளின் உடலியலை ஆராய்ந்தவர்கள் இவ்வடிவத்தின் ஆதாயத்தை அளந்து காட்டியிருக்கிறார்கள். தரைக்கு மிக அருகில் காற்றின் வேகம் வெகுவாகக் குறைகிறது. வெயில் விழுந்தால் இறுகிய இலைப்பரப்பு சூட்டைப் பிடித்துவைக்கிறது. அமைதியான வெயில்நாளில் செடிக்குள்ளே வெப்பநிலை மேலுள்ள காற்றைவிடப் பத்துப் பாகைக்கும் மேல் உயர்ந்திருக்கும். ஓராள் உயரத்தில் நிற்கும் மரம் காற்றின் குளிரிலேயே வாழவேண்டும். தரையில் கிடக்கும் செடியோ தனக்கென ஒரு சிறு வெப்பநாட்டை அமைத்துக்கொள்கிறது. உதிரும் இலைகள் உள்ளேயே தங்கி மக்கி, மண்ணில்லாப் பாறையிலும் உரமும் ஈரமும் சேரும். குளிர் இவ்வடிவத்துக்குச் சாதகம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இங்கே ஒரு தடையை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். தமிழகத்தில் ஆல்பைன் மண்டலம் என்று சொல்லத்தக்க நிலம் கிடையாது. வெப்பமண்டலத்தில் மரம் வளராத உயரம் மூவாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலேதான் தொடங்கும். தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர், கேரளத்து ஆனைமுடியும் 2,695 மீட்டர்தான். அப்படியிருக்க நீலகிரிச் செடியை ஆல்பைன் செடியோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் இந்தத் தடை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. மரம் வளரக்கூடிய உயரத்தில்தான் நீலகிரிப் புல்வெளி இருக்கிறது. பள்ளங்களில் சோலைக்காடும் இருக்கிறது. இருந்தும் மேடுகளில் புல்லும் தாழ்ந்த செடிகளும் நிலைத்திருக்கின்றன. மார்கழி, தை இரவுகளின் உறைபனி சோலைமரக் கன்றுகளை வெளியில் வளரவிடாமல் தடுக்கிறது என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம்; தீயும் மேய்ச்சலும் உடன் நிற்கும் காரணங்கள். காட்டை அழித்ததால் உண்டான புல்வெளி இது என்று வாதித்தவர்களும் உண்டு. 1993இல் ஆர். சுகுமாரும் அவருடன் ஆய்ந்தவர்களும் நீலகிரிச் சதுப்புப் புதைமண்ணின் கரிம ஐசோடோப்புகளைக் கொண்டு, கடந்த பனியூழிக் காலத்திலேயே அங்கே புல் பரவியிருந்ததை நேச்சர் இதழில் காட்டினார்கள். மனிதக் கோடரிக்கு முந்தியது அந்தத் திறந்தவெளி. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஃபைசன் 1915இல் வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரநூலில் அனஃபாலிஸ் செடிகளைப் படத்தோடு பதிந்துவைத்தார். அவற்றுள் நீலகிரியின் பெயரையே தாங்கிய அனஃபாலிஸ் நீல்கெரியானா குட்டையாக, நெருங்கக் கிளைத்து, பஞ்சு போர்த்த சிற்றிலைகளோடு திறந்த மேட்டில் வளர்வது. பூத்தலையைச் சுற்றிய வெள்ளைச் செதில்கள் காய்ந்தபின்னும் நிறம் மாறாமல் நிற்கும். ஆக, குளிரால் மரம் இயல்பாகவே வர இயலாத உயரம் அன்று இந்தச் செடியின் இடம். ஏதோ ஒரு காரணத்தால் மரம் தள்ளிநிற்கிற இடம்.

என் வாதத்துக்கு எதிரே நிற்கும் மிக வலுவான கேள்வி வேறு. மலையில் கிடந்து வளர்ந்தால் சூடு கிடைக்கும், அது லாபம். பெரம்பலூர் வெயிலில் கிடந்து வளர்ந்தால் என்ன கிடைக்கும்? கோடையில் வெற்றுத்தரை ஐம்பது பாகையைத் தாண்டிக் கொதிக்கும். அங்கே இலையைத் தரையில் பரப்புவது தற்கொலை அல்லவா? மலையில் எது பயனோ அதே வடிவம் சமவெளியில் தீங்கல்லவா? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மூன்று செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கிறது. மாசிபத்திரி முளைக்கும்போது தரை வெற்றுத்தரைதான். ஆனால் வறண்ட தரை அன்று. களிகலந்த வண்டலுக்குள் மழைக்காலத் தண்ணீர் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறது. அந்த ஈரத்தை உறிஞ்சி ஆவியாக்கும் இலை தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. மேலும் படர்ந்த இலையின் கீழ் மண்ணுக்கு வெயில் படுவதில்லை. தான் குடிக்கும் தண்ணீரைத் தானே மூடிக் காக்கிறது. கடைசியாக, கத்திரி வெயில் முற்றி மண் பாளம்பாளமாக வெடிக்கும்போது அந்தச் செடி தன் வேலையை முடித்து விதையாகிவிடுகிறது. கொதிக்கும் தரையைத் தாங்கும் வீரம் அதற்குத் தேவைப்படுவதே இல்லை. எனவே சமவெளியில் படர்வதன் லாபம் சூடு அன்று, இடம். தண்ணீர் விட்டுப்போன நிலத்தை மற்றவர்கள் வருமுன் இலையால் மூடி, ஒளி முழுவதையும் தனதாக்கிக்கொள்வது. உயர்ந்த தண்டுக்குச் செலவிடவேண்டிய உணவெல்லாம் இலைக்கும் பூவுக்கும் போகிறது. போட்டிக்கு உயரமான செடி இல்லாதபோது உயரம் வீண்செலவு. மலையில் காற்றும் உறைபனியும் மெலிந்த மண்ணும் உயரமான செடிகளை நீக்கிவைத்தன. ஏரியில் நாலைந்து மாதம் தேங்கும் தண்ணீர் அவற்றை நீக்கிவைக்கிறது. நீக்கும் கைகள் வேறு வேறு. எஞ்சும் திறந்தவெளி ஒன்றே.

இந்த விளக்கம் உண்மையானால், மலையும் இல்லாத, ஏரியும் இல்லாத வேறு திறந்தவெளிகளிலும் இக்குடும்பத்தார் இப்படியே படரவேண்டும். அப்படித்தான் படர்கிறார்கள். நியூசிலாந்தின் ரவூலியா இனத்திலேயே எல்லாம் உச்சிக்குரியவை அல்ல. ரவூலியா டென்யூகாலிஸ் என்பது பள்ளத்தாக்கு ஆறுகளின் கூழாங்கல் படுகைகளில், வெள்ளம் அரித்துவிட்டுப் போன புதுத்தரையில் முதலில் பரவும் செடி; சில ஆண்டுகள் வெள்ளம் வராமலிருந்து புதர்கள் எழுந்துவிட்டால் நிழலில் ஒடுங்கிவிடும். உறவினர் ஒருவர் மலைமேல், மற்றவர் ஆற்றுமணலில். வடிவம் மட்டும் ஒன்று. ஆற்றுப்படுகையின் ரவூலியா நம் மாசிபத்திரிக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது பாருங்கள். நம் கடற்கரையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த லானியா சார்மென்டோசா என்னும் மஞ்சள்பூச் செடி, மணல்மேல் ஓடுதண்டு விட்டு, கணுவுக்குக் கணு வேர் இறக்கி ஓடுகிறது. அங்கே அலையும் உப்புக்காற்றும் நகரும் மணலும் மரத்தை விரட்டின. இக்குடும்பத்தோடு நிறுத்தவும் வேண்டாம். ஏரி உள்வாயில் மாசிபத்திரிக்குப் பக்கத்திலேயே செருப்படையும் பொடுதலையும் தரையோடு கிடக்கின்றன. அவை முற்றிலும் வேறு குடும்பங்கள். ஒரே இடம் பல குடும்பங்களுக்கு ஒரே வடிவத்தைக் கற்பித்திருக்கிறது என்றால், வடிவத்துக்குக் காரணம் இடத்தில் இருக்கிறது என்பது தெளிவு.

வடிவம் ஒன்றாயினும் விதை ஒன்றாக இல்லை என்பது இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ரவூலியாவுக்கும் அனஃபாலிசுக்கும் விதைமேல் மெல்லிய மயிர்க்கற்றை உண்டு. மலைக்காற்றில் பறந்து, அடுத்த பாறை இடுக்கைத் தேடிப்போக அது உதவும். மாசிபத்திரியின் விதைமேல் இருப்பது குட்டையான கிழிந்த விளிம்பு மட்டும். பறப்பதற்கு அது போதாது. பறந்து எங்கே போகவேண்டும்? ஏரியைத் தாண்டினால் வறண்ட மேடு. விழுந்த இடத்திலேயே வண்டலில் புதைந்து, தண்ணீருக்கடியில் கிடந்து, அடுத்த முறை தண்ணீர் இறங்கும்போது அதே ஈரத்தில் முளைப்பதுதான் அதற்கு நல்லது. தண்ணீரும் கால்நடைகளின் குளம்புச் சேறும் வேண்டிய தூரம் கொண்டுபோகும். இலைகளைப் பொறுத்தவரை இரண்டிடத்தும் ஒளி ஒன்றே கேள்வி என்பதால் விடையும் ஒன்றாயிற்று. விதையைப் பொறுத்தவரை இரண்டிடத்தும் கேள்வி வேறு, விடையும் வேறாயிற்று. வடிவ ஒற்றுமை குருட்டுத் தற்செயல் என்று எண்ணுவோருக்கு இந்த வேற்றுமையே என் மறுமொழி.

'ஆடு மேய்ந்தாலும் கால் மிதித்தாலும் எந்தச் செடியும் குட்டையாகிவிடும். இதற்கு ஏன் இத்தனை கோட்பாடு?' என்று ஒரு தடை எழலாம். இது பழைய கேள்வி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரை நூற்றாண்டுக்குமேல் இதற்காகவே செடி நட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுத் தாவரவியலார் காஸ்டன் போனியே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாழ்நிலச் செடிகளை ஆல்ப்சு, பிரனீசு மலைகளில் நட்டு, அவை சில ஆண்டுகளில் மலைச்செடிகளாகவே மாறிவிட்டன என்றார். 1922இல் சுவீடனின் துரேசன், சூரியகாந்திக் குடும்பத்து ஹையராசியம் அம்பெல்லாட்டம் என்ற செடியின் மணல்வெளி வடிவத்தையும் பாறைக்கரை வடிவத்தையும் உள்நாட்டு வடிவத்தையும் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தார். தரையில் படர்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் நல்ல மண்ணிலும் படர்ந்தன. அதன்பின் கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி மூவரும் இதே குடும்பத்து அக்கில்லியாவைக் கடலோரம் தொடங்கி சியரா நெவாடா மலை உச்சி வரை திரட்டினார்கள். கடல்மட்டத்துக்கு அருகில் ஸ்டான்ஃபோர்டு, 1,400 மீட்டரில் மேதர், 3,000 மீட்டருக்குமேல் டிம்பர்லைன் ஆகிய மூன்று தோட்டங்களில் ஒரே செடிகளை வளர்த்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். உச்சியிலிருந்து வந்தவை ஸ்டான்ஃபோர்டின் இதமான காலநிலையிலும் குட்டையாகவே இருந்தன. கடலோரத்தவை உச்சியில் பிழைக்கத் திணறின. போனியே கண்ட மாற்றத்தை இவர்களுடைய தோட்டங்கள் காட்டவில்லை. மேய்ச்சலும் மிதியும் ஒரு செடியைக் குட்டையாக்கும் என்பது மெய். ஆனால் தரைப்படர்வு பரம்பரையில் எழுதப்பட்ட குணம், ஒருநாள் துன்பத்தின் தழும்பு அன்று. எழுதப்பட்டுவிட்ட குணம் என்பதால்தான் அதற்கு ஆபத்தும் இருக்கிறது. நிழல் வந்தால் எழுந்து நிற்க அதனால் ஆகாது.

மலைச்செடி பல்லாண்டுச் செடி, மாசிபத்திரி சில மாதச் செடி. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். மலையில் திறந்தவெளி நிலையாக இருக்கிறது, செடியும் நிலையாக இருக்கிறது. ஏரியில் திறந்தவெளி ஆண்டுக்குச் சில மாதம்தான், செடியின் ஆயுளும் அவ்வளவுதான். ஆயுள் இடத்தின் கால அளவைப் பின்பற்றுகிறது. அது என் கருத்துக்கு மாறானதன்று.

இங்கே பெரம்பலூர் மாவட்டத்தாருக்கு மட்டுமே உரிய ஒரு பெருமையைச் சொல்லவேண்டும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் அதை அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். பன்னிரண்டு கோடி ஆண்டு என்று அதன் வயதைக் குறிக்கிறார்கள். காரை, கருடமங்கலம் பக்கம் மண்ணைக் கிளறினால் கிரெட்டேசியக் கடலின் கிளிஞ்சல்கள் வருகின்றன. சூரியகாந்திக் குடும்பத்தின் மிகப் பழைய தடயமாகக் கருதப்படும் மகரந்தம் அண்டார்க்டிக்காவில் கிடைத்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வு அதன் காலத்தை 7.6 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது. சாத்தனூர் மரம் நின்ற காலத்தின் தடயங்களில் இக்குடும்பம் தென்படவில்லை. பெருங்காடுகள் சுருங்கி, உலகம் வறண்டு, புல்லும் திறந்தவெளியும் பரவிய பிற்காலத்தில்தான் அது உலகெங்கும் பெருகிற்று. திறந்த நிலத்தோடு சேர்ந்து வளர்ந்த குடும்பம் அது. தரையோடு கிடக்கும் அதன் பிள்ளைகள் வெயிலை நம்பியிருப்பதில் வியப்பில்லை.

இதுவரை சொன்னது தாவரவியல். இதிலிருந்து கிளம்பும் முடிவு நம் ஊர்க் காரியத்தைத் தொடுகிறது. வெட்டினால் அழிவது மரம். நிழல் விழுந்தால் அழிவது படர்செடி. மலையில் இது நடந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்கென்றும் தோல் பதனிடும் பட்டைக்கென்றும் ஆஸ்திரேலிய வாட்டிலும் யூகலிப்டசும் நீலகிரிப் புல்வெளிகளுக்கு வந்தன. விடுதலைக்குப் பிறகும் 'வெற்றுநிலம்' என்று எண்ணித் தொடர்ந்து நட்டார்கள். பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அங்கே யாரும் அனஃபாலிசைப் பிடுங்கி எறியவில்லை. அதன்மேல் நிழலை நட்டார்கள். நம் ஏரிகளில் இதே கதை வேறு மரங்களோடு நடக்கிறது. 1981இல் சுவீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேலம் வரிசையாக நடப்பட்டது. யாரும் நடாமலே சீமைக்கருவேலம் புகுந்து, தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் விளிம்பிலிருந்து உள்நோக்கி முன்னேறுகிறது. மதகு தெரியாமல் முள்ளடைந்து கிடக்கும் ஏரியில் மாசிபத்திரிக்கு இடமில்லை. செருப்படைக்கும் இல்லை, கொட்டைக்கரந்தைக்கும் இல்லை.

'மரம் வேண்டாமா? கரைவெட்டி ஏரியில் பறவைகள் கூடுவது தெரியாதா?' என்று கேட்பீர்கள். தெரியும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. மரத்தில் கூடுகட்டும் கொக்கினப் பறவைகளுக்கு நீர் நடுவே நிற்கும் மரத்திட்டுகள் தேவை. ஆனால் தண்ணீர் இறங்க இறங்கச் சேற்றில் நடந்து இரை பொறுக்கும் உள்ளான்களுக்கும், வலசை வரும் வாத்துகளுக்கும் தேவை திறந்த, ஆழமில்லாத விளிம்பு. நடுவில் மரமும் விளிம்பில் வெளியும் ஒரே ஏரியில் இருக்கமுடியும். விளிம்பு முழுவதையும் மரமாக்குவதே தவறு. இன்னொரு தடை பணத்தைப் பற்றியது: விறகுக்கும் கரிக்கும் சீமைக்கருவேலம் காசாகிறது, மாசிபத்திரி என்ன தருகிறது? சித்தமருத்துவர்கள் அதன் இலையைக் கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் அந்த ஒன்றை மட்டும் சொல்லி வாதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. கோடையின் தொடக்கத்தில் வேறெங்கும் பூ அருகும்போது, உள்வாய் முழுக்க மலர்ந்திருக்கும் இச்செடிகளில் தேனீயும் சிறு ஈக்களும் பிழைத்துக்கொள்கின்றன. அவையே பிறகு நம் தோட்டப் பயிர்களுக்கும் வருகின்றன. படர்ந்த செடி வண்டலின் ஈரத்தை மூடுகிறது. காய்ந்தபின் மண்ணோடு மக்கி அடுத்த தண்ணீருக்கு உணவாகிறது. மரம் தருவது கண்ணுக்குத் தெரிகிறது, இது தருவது தெரியவில்லை என்பதற்காக இதற்கு மதிப்பில்லை என்று தீர்ப்பெழுதுவது அறிவுடைமை ஆகாது.

தூர்வாருவதைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது முதல் பல ஏரிகள் ஆழமாயின. வண்டல் எடுக்க உழவர்களுக்கு இசைவும் கிடைத்தது. வெங்காய வயலுக்கு வண்டல் எவ்வளவு நல்லது என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை, வேண்டியதே. ஆனால் இயந்திரம் கொண்டு கரையோரத்திலிருந்தே செங்குத்தாகக் குழி பறித்துவிட்டால், தண்ணீர் படிப்படியாக இறங்கும் சரிவு இல்லாமற்போகிறது. தண்ணீர் இருக்கும், இல்லையேல் பள்ளம் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரத்தரை இராது. மேல்மண்ணோடு செடிகளின் விதைச்சேமிப்பும் லாரியில் ஏறிப் போய்விடும். ஆழம் வேண்டுமானால் மதகுப் பக்கம் ஆழப்படுத்தலாம். நீர்வரத்துப் பக்கம் இயல்பான சரிவு அப்படியே இருக்கட்டும். பழைய ஏரிகளை வெட்டியவர்கள் அமைத்த முறையும் அதுதான்: கரைப்பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் நெடிய மேட்டுச்சரிவு.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஏரிப் பாசன சங்கத்தினரும் ஊராட்சியினரும், அடுத்த முறை உங்கள் ஏரியைத் தூர்வாரத் திட்டம் போடும்போது, நீர்வரத்துச் சரிவில் ஒரு பகுதியைக் கை படாமல் விடுங்கள். அதில் சீமைக்கருவேலக் கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்குங்கள். மரம் நடும் விழாவை அந்த விளிம்புக்குக் கொண்டுவராமல் ஊர்ச்சாலைக்கும் பள்ளி வளாகத்துக்கும் கொண்டுபோங்கள். கல்லூரி மாணவர்கள் மாசி, பங்குனி மாதங்களில் அந்தச் சரிவில் எந்தச் செடிகள் எப்போது முளைக்கின்றன, எப்போது பூக்கின்றன என்று ஆண்டுவாரியாகக் குறித்துவைத்து, மாதிரிகளைத் திருச்சி உலர்தாவரகத்தில் சேர்க்க வேண்டும்.

(செட்டிகுளத்தார்க்கென ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)